வீட்டிலேயே சாக்லேட் சாஸ்: பொருள் வாங்குவது முதல் பாட்டிலில் அடைப்பது வரை

கடந்த கோடை விடுமுறையில் அக்காவின் பிள்ளைகள் இருவரும் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஐஸ்கிரீமின் மேல் ஊற்றித் தருவதற்காக முதன்முறையாகச் சாக்லேட் சாஸ் செய்யத் தொடங்கினேன். ஒரே வாரத்தில் மூன்று முறை வீணானது. முதல் முறை, அடுப்பில் பார்க்கும்போது சரியாக இருந்த சாஸ், ஆறியதும் கரண்டி நுழையாத அளவுக்கு அல்வாவாக இறுகிவிட்டது. இரண்டாம் முறை செய்தது இரவில் பளபளவென்று இருந்தது; மறுநாள் காலையில் பார்த்தால், பாட்டிலின் அடியில் சர்க்கரை கற்கண்டு போலப் படிந்திருந்தது. மூன்றாம் முறை, உருகிக்கொண்டிருந்த சாக்லேட்டின் மேல் மூடியிலிருந்து நாலைந்து நீர்த்துளிகள் சொட்டின. அரை நிமிடத்தில் அது மண் பிசைந்தது போலத் திரண்டுவிட்டது. இரண்டு பெட்டி கோகோ பவுடரும் ஒரு கட்டி நல்ல சாக்லேட்டும் வீணான பிறகுதான் ஒவ்வொன்றுக்கும் காரணம் புரிந்தது. புதிதாகச் செய்பவர்கள் அந்தச் செலவை மீண்டும் செய்ய வேண்டாம் என்பதற்காக, கடையில் பொருள் வாங்குவதிலிருந்து வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்தச் சாஸ் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சாக்லேட் சாஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பண்டங்கள் உள்ளன. ஒன்று, கோகோ பவுடர், சர்க்கரை, தண்ணீர் ஆகியவற்றைக் கொதிக்க வைத்துச் செய்வது. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ஊற்றும் பதத்தில் இருக்கும். ஐஸ்கிரீம், பால், மில்க் ஷேக் ஆகியவற்றுக்கு ஏற்றது. மற்றொன்று, சாக்லேட் கட்டியைச் சூடான க்ரீமில் கரைத்துச் செய்வது. சுவை அடர்த்தியாக இருக்கும். ஆனால் அதிலுள்ள கோகோ வெண்ணெய் குளிர்ந்தால் இறுகும் என்பதால், ஒவ்வொரு முறையும் சூடாக்கித்தான் ஊற்ற வேண்டும். கேக், பிரவுனி, பான்கேக் ஆகியவற்றுக்கு இது பொருந்தும்.

முதல் முறை செய்பவர்கள் கோகோ பவுடர் சாஸிலிருந்தே தொடங்குங்கள். செலவு குறைவு, தவறினாலும் திருத்திக்கொள்ள வழி உண்டு. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

2. கடையில் லேபிளைப் படித்து வாங்குங்கள்

பெரும்பாலான தவறுகள் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே, கடையில் நடந்துவிடுகின்றன.

கோகோ பவுடர் வாங்கும்போது பெட்டியின் பின்புறத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். பட்டியலில் சர்க்கரை இருக்கக் கூடாது. சில நிறுவனங்களின் பவுடரில் கோகோவுடன் அமிலத்தன்மை சீராக்கி என்று குறிப்பிட்டு 500, 501, 525 போன்ற எண்கள் இருக்கும். அது அல்கலி எனப்படும் காரப் பொருள் (மிளகாயின் காரம் அல்ல) சேர்த்துப் பதப்படுத்தப்பட்ட கோகோ. நிறம் கருமையாகவும் புளிப்பு குறைவாகவும் இருக்கும். அந்த எண்கள் இல்லாதது இயற்கையான கோகோ. நிறம் வெளிறிய செம்பழுப்பாகவும் சுவையில் இலேசான புளிப்பும் இருக்கும். சாஸ் செய்வதற்கு இரண்டுமே சரியானவை. எனக்குப் பிடித்தது கருமையானது, ஏனென்றால் வெள்ளை ஐஸ்கிரீமின் மேல் அது நன்றாக எடுத்துக்காட்டும்.

பட்டியலில் சர்க்கரை முதலிடத்தில் இருந்தால், உங்கள் கையில் இருப்பது பாலில் கலந்து குடிப்பதற்கான டிரிங்கிங் சாக்லேட். கோகோ பவுடரும் அதுவும் கடையில் ஒரே அலமாரியில், ஒரே நிறப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அதை வைத்து இங்கே சொல்லும் அளவில் சாஸ் செய்தால், திகட்டும் சர்க்கரைப் பாகுதான் கிடைக்கும்.

சாக்லேட் கட்டி வாங்குவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பேக்கரிப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் காம்பவுண்ட் என்ற வகைதான். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்ந்திருக்கும். லேபிளில் ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவரக் கொழுப்பு என்று அச்சிட்டிருப்பார்கள். விலை குறைவு, உருக்குவதும் எளிது. ஆனால் கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில், அதாவது நம் வாயின் சூட்டிலேயே உருகிவிடும். காம்பவுண்டில் உள்ள கொழுப்பு பல சமயங்களில் அப்படி உருகாமல், குளிர்ந்த ஐஸ்கிரீமோடு சேரும்போது நாக்கில் மெழுகு போல ஒட்டும். கேக்கின் மேல் அலங்காரத்துக்குக் காம்பவுண்ட் போதும், சாஸுக்கு வேண்டாம். கோகோ 50 முதல் 60 சதவீதம் உள்ள டார்க் சாக்லேட் நன்றாக வரும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. அந்தக் கொட்டையிலிருந்து செய்த சாக்லேட் கிடைத்தால் ஒரு முறை வாங்கிப் பாருங்கள்.

3. அளவும் செலவும்

கோகோ பவுடர் சாஸுக்கு வேண்டியவை இவை. கோகோ பவுடர் 60 கிராம், சர்க்கரை 200 கிராம், தண்ணீர் 240 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா எசென்ஸ் ஒரு டீஸ்பூன். விருப்பம் இருந்தால், உப்பில்லாத வெண்ணெய் 15 கிராம். இதில் சுமார் 430 கிராம் சாஸ் கிடைக்கும்.

நான் கடைசியாக வாங்கியபோது 150 கிராம் கோகோ பவுடருக்கு 240 ரூபாய் கொடுத்தேன். 60 கிராமுக்கு அது 96 ரூபாய் ஆகிறது. சர்க்கரைக்குச் சுமார் 10 ரூபாய். எசென்ஸ், உப்பு, எரிவாயு எல்லாம் சேர்த்து இன்னொரு 10 ரூபாய் வையுங்கள். ஒரு பாட்டிலுக்கு 115 ரூபாயை ஒட்டி வரும். பணம் மிச்சமாகும் என்று எண்ணி இதில் இறங்க வேண்டாம். கடைச் சாஸும் ஏறத்தாழ அதே விலையில் கிடைக்கத்தான் செய்கிறது. வேறுபாடு உள்ளே இருக்கிறது. கடைப் பாட்டிலைத் திருப்பி, கோகோ எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். நாம் செய்வதில் 430 கிராமுக்கு 60 கிராம், அதாவது 14 சதவீதம் கோகோ இருக்கிறது. கடைப் பாட்டிலில் 202 என்ற எண் இருந்தால் அது பொட்டாசியம் சோர்பேட் என்ற பதப்படுத்தி. நம்முடையதில் அதுவும் இல்லை. இல்லை என்பதாலேயே நம்முடையது விரைவில் கெடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு பொருளை மட்டும் புதிதாக வாங்கச் சொல்வேன்: சமையலறை எடை மெஷின். நான் வாங்கியது 350 ரூபாய். கோகோவைக் கப்பில் அளந்தால், அழுத்தி நிரப்புவதற்கும் தூவி நிரப்புவதற்கும் இடையே கால் பங்கு வரை வித்தியாசம் வந்துவிடுகிறது. எடை மெஷினின் முக்கியமான பயன் ஆறாம் படியில் வருகிறது.

4. பாத்திரம்

அடி கனமான, உயரமான பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோகோ கலந்த பாகு பாலைப் போலவே பொங்கும். அதுவும் பாலைவிட வேகமாகப் பொங்கும். கலவை பாத்திரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரம்பாமல் இருக்க வேண்டும். இரண்டு லிட்டர் பால் பாத்திரம் சரியாக இருக்கும். கிளற, கம்பியால் செய்த முட்டை அடிப்பான் ஒன்றும், அடியைச் சுரண்டி எடுக்க ஒரு மரக்கரண்டியும் போதும். சர்க்கரைப் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும் என்பதால், கொதிக்கும் நேரத்தில் சிறுபிள்ளைகளை அடுப்பருகில் நிற்க விடாதீர்கள்.

5. கலந்து காய்ச்சுதல்

முதலில் கோகோ பவுடரை டீ வடிகட்டியிலோ மாவுச் சல்லடையிலோ சலித்து, சர்க்கரையோடும் உப்போடும் உலர்ந்த நிலையிலேயே நன்றாகக் கலந்துவிடுங்கள். இந்த ஒரு நிமிட வேலையை யாரும் தவிர்க்கக் கூடாது. கோகோவில் கொழுப்பு இருப்பதால் அது தண்ணீரை எளிதில் ஏற்காது. தனியாகத் தண்ணீரில் கொட்டினால் மேலே மிதந்து, வெளியே நனைந்தும் உள்ளே உலர்ந்துமாக உருண்டை உருண்டையாகக் கட்டும். சர்க்கரைத் துகள்கள் இடையில் புகுந்து அதைப் பிரித்து வைத்தால் கட்டி விழாது.

பிறகு, தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதில் கால் பங்கை மட்டும் ஊற்றிக் குழைவான விழுதாக்குங்கள். அடுப்பில் ஏற்றுவதற்கு முன் இந்த விழுதில் கட்டி எதுவும் இருக்கக் கூடாது. வெந்நீர் பட்டதும் கோகோவின் மணம் எழுவதை நீங்களே உணர்வீர்கள். மீதி வெந்நீரையும் ஊற்றிக் கலக்கி, மிதமான தீயில் வையுங்கள்.

கொதி வரும்வரை கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் மேலே வெளிர் பழுப்பு நிறத்தில் நுரை திரளும். அப்போதுதான் பொங்கி வழியும் ஆபத்து அதிகம். தீயைக் குறைத்துவிட்டால் நுரை அடங்கும். அதற்குப் பிறகு சிறு சிறு குமிழிகள் மறைந்து, பளபளப்பான பெரிய குமிழிகள் மெதுவாக எழுந்து உடையத் தொடங்கும். அந்த நிலையிலிருந்து அடியை மட்டும் அவ்வப்போது சுரண்டிவிட்டால் போதும். பாத்திரத்தின் ஓரங்களில் தெறித்து உலரும் பாகை நனைந்த துணியால் துடைத்துவிடுங்கள். அங்கே உருவாகும் சர்க்கரைப் படிகம் உள்ளே விழுந்தால், மறுநாள் பாட்டில் முழுவதும் மணல் மணலாக ஆவதற்கு அதுவே தொடக்கமாகிவிடும்.

6. எப்போது இறக்குவது

இந்தப் படியில்தான் நான் இரண்டு முறை தோற்றேன். நம் வீடுகளில் பாகு என்றாலே கம்பிப் பதம் பார்க்கும் பழக்கம் கையோடு வந்துவிட்டது. அதிரசத்துக்கும் கடலை மிட்டாய்க்கும் விரலில் தொட்டுப் பதம் பார்த்துப் பழகியவர்கள், இங்கேயும் இரண்டு விரலுக்கு நடுவே ஒரு கம்பி இழுபடும் வரை கொதிக்க விடுவார்கள். அந்தப் பதம் வந்த சாஸ் ஏற்கெனவே கைமீறிப் போய்விட்டது.

அறையின் வெப்பநிலையில் ஒரு பங்கு தண்ணீர் ஏறத்தாழ இரண்டு பங்கு சர்க்கரையைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜில் அதைவிடக் குறைவு. கம்பிப் பதத்தில் தண்ணீர் அந்த எல்லைக்குக் கீழே வற்றிவிடுவதால், சூடாக இருக்கும்வரை கரைந்திருக்கும் சர்க்கரை ஆறியதும் படிகமாகப் பிரிகிறது. கோகோவில் உள்ள மாவுச்சத்தும் வெந்து, ஆற ஆற இறுகும். ஆகவே அடுப்பில் இருக்கும்போது, இது நீர்க்க இருக்கிறதே என்று மனம் சஞ்சலப்படும் நிலையில்தான் இறக்க வேண்டும்.

கண்ணை நம்பாமல் எடையை நம்புங்கள். தொடங்குவதற்கு முன்பே, வெறும் பாத்திரத்தையும் அதற்கு அடியில் வைக்கும் மரப்பலகையையும் சேர்த்து எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள்; சூடான பாத்திரத்தை நேரடியாக வைத்தால் மெஷின் பழுதாகும் என்பதற்காகத்தான் பலகை. நாம் போட்ட பொருள்களின் மொத்த எடை 500 கிராம். அது 430 கிராமாக வற்றியதும் சாஸ் தயார். பாத்திரமும் பலகையும் 780 கிராம் என்றால், மெஷின் 1,210 காட்ட வேண்டும். கொதி வந்த ஐந்தாவது நிமிடத்தில் ஒரு முறை இறக்கி எடை பாருங்கள். கூடுதலாக இருந்தால் மேலும் ஒரு நிமிடம் கொதிக்க விட்டு மறுபடி பாருங்கள். என் வீட்டு அடுப்பில் இதற்கு ஆறு அல்லது ஏழு நிமிடங்கள் ஆகின்றன. உங்கள் அடுப்பின் தீயையும் பாத்திரத்தின் அகலத்தையும் பொறுத்து மாறும்.

இதைவிடக் கெட்டியான சாஸ் வேண்டுவோர் 380 கிராம் வரை போகலாம். அப்படிச் செய்வதானால், சர்க்கரையில் 30 கிராமைக் குறைத்து, அதற்குப் பதில் தேனோ லிக்விட் குளுக்கோஸோ அதே அளவு சேர்த்துக்கொள்ளுங்கள். இவை சர்க்கரை படிகமாவதைத் தடுக்கும்.

அடுப்பை அணைத்த பிறகே வெண்ணெயும் வெனிலா எசென்ஸும் சேர வேண்டும். எசென்ஸைக் கொதிக்கும்போது ஊற்றினால், மணம் ஆவியோடு சமையலறையில் பரவுமே தவிரப் பாட்டிலுக்குள் போகாது. வெண்ணெய் பளபளப்புத் தரும். ஆனால் ஃப்ரிட்ஜில் சாஸைக் கெட்டியாக்கும், கெடாமல் இருக்கும் நாள்களையும் குறைக்கும். வாரத்துக்குள் தீர்ந்துவிடும் வீட்டில் மட்டும் சேருங்கள்.

7. பாட்டிலில் அடைத்தல்

கண்ணாடி பாட்டிலையும் மூடியையும் கழுவி, தண்ணீரில் மூழ்க வைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, சுத்தமான துணியின் மேல் கவிழ்த்து முழுவதும் உலர விடுங்கள். இதைச் சாஸ் காய்ச்சுவதற்கு முன்பே முடித்துவிட்டால் நேரம் மிச்சம். பாட்டில் இளஞ்சூடாக இருக்கும்போது சாஸை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடாது.

ஆவி பறக்கும்போது மூடி, அப்படியே ஆறவிட்டால், மூடியின் உட்புறத்தில் நீர் கோத்துச் சாஸின் மேல் சொட்டும்; அந்த இடத்தில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும். மெல்லிய துணியால் மூடி வைத்து, வெதுவெதுப்பானதும் மூடியைத் திருகி, இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். சரியான பதம் அடுத்த நாள்தான் தெரியும்; ஆகையால் விருந்துக்கு என்றால் முந்தைய நாளே செய்துவிடுங்கள். எடை போடுவது முதல் பாட்டிலில் ஊற்றுவது வரை, முதல் முறை செய்பவருக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம்.

வெண்ணெய் சேர்க்காத சாஸை இரண்டு முதல் மூன்று வாரம் வரை ஃப்ரிட்ஜில் வைத்துப் பயன்படுத்தலாம். வெண்ணெய் சேர்த்தால் ஒரு வாரம். ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கரண்டி போட விடாத அதே கண்டிப்பு இதற்கும் வேண்டும். செய்த தேதியை ஒரு காகிதத்தில் எழுதிப் பாட்டிலில் ஒட்டுங்கள். மீந்த சாஸை நாய்க்கு வைக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். கோகோவில் உள்ள தியோப்ரோமின் நாய்களுக்கு நஞ்சு.

8. க்ரீம் சேர்த்த சாஸ்

கோகோ பவுடர் சாஸ் கைவந்த பிறகு இதற்கு வாருங்கள். டார்க் சாக்லேட் 100 கிராம், ஃப்ரெஷ் க்ரீம் 200 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை போதும். சாக்லேட்டைக் கத்தியால் மிகப் பொடியாக நறுக்கி, துளி ஈரம் இல்லாத கிண்ணத்தில் போடுங்கள். க்ரீமைச் சிறுதீயில் வைத்து, ஓரங்களில் குமிழி தெரிந்ததும் இறக்குங்கள். நம் கடைகளில் அட்டைப் பெட்டியில் கிடைக்கும் க்ரீமில் பெரும்பாலும் 25 சதவீதக் கொழுப்புதான் இருக்கிறது. தளதளவென்று கொதிக்க விட்டால் திரிந்துபோகலாம். சூடான க்ரீமைச் சாக்லேட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து தொடங்கி வெளியே போகும்படி மெதுவாகக் கலக்குங்கள்.

சாக்லேட்டை நேரடியாக அடுப்பில் உருக்காதீர்கள், கருகிவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்து உருக்குவோர், கிண்ணத்தை எக்காரணம் கொண்டும் மூட வேண்டாம். என் சாக்லேட் திரண்டது அப்படித்தான். உருகிய சாக்லேட்டில் சில துளி நீர் விழுந்தால், அதிலுள்ள சர்க்கரைத் துகள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். வியப்பு என்னவென்றால், அதற்கு மருந்தும் நீரே. சில துளிகள்தான் கெடுக்கும். சூடான பாலையோ தண்ணீரையோ கரண்டி கரண்டியாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே போனால், கட்டி கரைந்து நல்ல சாஸாகிவிடும். இது தெரியாமல் அன்று ஒரு கட்டிச் சாக்லேட்டைக் குப்பையில் போட்டேன்.

இந்தச் சாஸை ஐந்து நாள்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். வேண்டிய அளவை மட்டும் தனிக் கிண்ணத்தில் எடுத்துச் சூடாக்குங்கள்.

9. தவறிப்போனால்

கெட்டியாகிவிட்ட கோகோ சாஸில் ஒரு மேசைக்கரண்டி வெந்நீர் ஊற்றிச் சிறுதீயில் கிளறுங்கள். போதாவிட்டால் இன்னொரு கரண்டி. நீர்த்திருந்தால், மறுபடி அடுப்பில் வைத்து எடை பார்த்து வற்றவிடுங்கள். சோள மாவு கரைத்து ஊற்றுவோர் உண்டு. அப்படிச் செய்தால் சுவை மங்கி, வாயில் மாவு தெரிவதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சர்க்கரை படிந்துவிட்டால், பாட்டிலில் உள்ளது முழுவதையும் பாத்திரத்துக்கு மாற்றி, நான்கைந்து கரண்டி தண்ணீரும் சில துளி எலுமிச்சைச் சாறும் சேர்த்து, ஒரு மணல்கூட இல்லாமல் கரையும்வரை சூடாக்கி, கழுவி உலர்த்திய வேறு பாட்டிலில் ஊற்றுங்கள். க்ரீம் சாஸில் எண்ணெய் பிரிந்து மிதந்தால், வெதுவெதுப்பான பாலை ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்து அடித்தால் கூடிவரும்.

அடிப்பிடித்த சாஸுக்கு மட்டும் வழி இல்லை. அடியைச் சுரண்டாமல் மேலாக வேறு பாத்திரத்தில் ஊற்றிச் சுவைத்துப் பாருங்கள். கருகல் வாடை இருந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

10. விற்க நினைப்பவர்களுக்கு

நன்றாக வந்தால், அக்கம்பக்கத்தினர் விலைக்குக் கேட்பார்கள். வீட்டுச் சமையலறையில் செய்து விற்பதாக இருந்தாலும், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தில் பதிவு செய்து, 14 இலக்க எண் பெற வேண்டும். விண்ணப்பத்தை ஆணையத்தின் ஃபாஸ்கோஸ் இணையதளத்தில் நீங்களே நிரப்பலாம். புகைப்படம், அடையாளச் சான்று, சமையலறை இருக்கும் இடத்தின் முகவரிச் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால், உரிமையாளரின் சம்மதத்தை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. கட்டணத்தை இணையதளத்திலேயே பார்த்துச் செலுத்துங்கள். இடைத்தரகர் யாரும் தேவையில்லை.

பாட்டிலின் லேபிளில் பண்டத்தின் பெயர், அதிக அளவிலிருந்து குறைவு நோக்கி வரிசைப்படுத்திய சேர்மானப் பட்டியல், நிகர எடை, தயாரித்த தேதி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, தயாரிப்பாளர் முகவரி, பதிவு எண், சைவத்துக்கான பச்சைக் குறி ஆகியவை இடம்பெற வேண்டும். வெண்ணெயோ க்ரீமோ சேர்த்திருந்தால், பால் சேர்ந்துள்ளது என்று ஒவ்வாமை எச்சரிக்கையும் தேவை. கடைசித் தேதியை ஊகித்து எழுதாதீர்கள். ஒரே நாளில் செய்த மூன்று பாட்டில்களைத் திறக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்து, வாரத்துக்கு ஒன்றாகத் திறந்து மணமும் மேற்பரப்பும் பார்த்த பிறகு, உணவுப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் சோதித்து நாள்களை முடிவு செய்யுங்கள். க்ரீம் சேர்த்த சாஸை மட்டும் தொடக்கத்தில் விற்க வேண்டாம். வாங்கிச் செல்பவர் சித்திரை வெயிலில் அதை ஸ்கூட்டரில் எத்தனை நேரம் வைத்திருப்பார் என்பது நம் கையில் இல்லை.